மெத்தனம்: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஒரு வாசகரின் கேள்வி, 4 ஜூன் 2023

மெத்தனம் என்பது மெத்த + தனம். மெத்த என்றால் மிகுதி, தனம் என்றால் செல்வம். கையில் காசு மிதமிஞ்சிப் புரள்கிறவனுக்கு வரும் அக்கறையின்மைதான் மெத்தனம். அன்றாடங்காய்ச்சிக்கு மெத்தனம் வராது, வரவும் முடியாது. சொல்லுக்குள்ளேயே இவ்வளவு பெரிய உண்மை இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையே?

4 ஜூன், இரவு

இல்லை. பிரிக்கும் விதமே இடிக்கிறது. 'மெத்தப் படித்தவர்' என்கிறோம். மெத்த என்பதோடு வல்லெழுத்துச் சொல் சேர்ந்தால் ஒற்று மிகுகிறது. அப்படியானால் மெத்த + தனம் 'மெத்தத்தனம்' என்றுதான் ஆகும். கஞ்சத்தனம், முரட்டுத்தனம், குழந்தைத்தனம் என்று எதைச் சொன்னாலும் நடுவில் அந்த 'த்' கேட்கும். மெத்தனத்தில் கேட்கவில்லை. அதில் தனம் என்ற துண்டே கிடையாது.

மெத்து, மெத்தென, மெத்தை. இந்தக் குடும்பத்துப் பிள்ளை அது. மென்மைதான் வேர். தெலுங்கில் மெத்தன என்றால் மிருது. கன்னடத்தில் மெத்தனெ, மெத்தகெ. அங்கே இன்னும் பஞ்சுக்கும் தலையணைக்கும் சொல்லும் நல்ல சொல்லாகவே இருக்கிறது. நம்மிடம் வந்து அது குற்றச்சாட்டாகிவிட்டது.

5 ஜூன்

நேற்று அவசரத்தில் எழுதினேன். எனக்கு இந்தச் சொல் மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். நான் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியர். மாவட்டங்களிலிருந்து வரும் செய்திகளைத் திருத்துவது வேலை. மெத்தனம் இல்லாத இரவு கிடையாது. 'கால்வாய் தூர்வாரும் பணியில் மெத்தனம்', 'குழாய் உடைப்பைச் சரிசெய்வதில் மெத்தனம்', 'அதிகாரிகளின் மெத்தனப் போக்கால் மக்கள் அவதி'. ஒரே இரவில் நான்கு முறை வந்ததும் உண்டு. 'அவதி' கூடவே வந்துவிடும்.

ஏன் எல்லோருக்கும் இந்தச் சொல் பிடிக்கிறது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். இலக்கணத்தில் ஒரு காரணம் இருக்கிறது. அலட்சியத்துக்கு ஒரு ஆள் வேண்டும். 'என்னை அலட்சியப்படுத்தினான்' என்று சொல்லலாம். அவமதித்தவன் இருக்கிறான், அவமதிக்கப்பட்டவனும் இருக்கிறான். 'என்னை மெத்தனப்படுத்தினான்' என்று யாரும் சொல்வதில்லை. மெத்தனம் ஆளைத் தொடாது. 'பணியில்', 'விசாரணையில்', 'சீரமைப்பில்' என்று எதிலாவது உட்கார்ந்துகொள்ளும். சோம்பேறி என்று ஒருவனைக் கைநீட்டிச் சொல்லலாம். மெத்தனத்துக்கு அப்படி ஆள்பெயர்கூட வழக்கில் இல்லை. அடித்ததும் தெரியக்கூடாது, அடிக்காமல் விட்டதாகவும் இருக்கக்கூடாது என்கிற இடத்தில் செய்தியாளர் கை இதைத்தான் எடுக்கிறது.

நான் முடிந்தவரை அந்தச் சொல்லை அடித்துவிட்டு நாள் கணக்கை எழுதச் சொல்வேன். 'குழாய் உடைந்து 40 நாளாகிறது' என்று போட்டால் போதும். படிக்கிறவருக்கு எந்தச் சொல்லும் தேவைப்படாது.

5 ஜூன், இன்னொன்று

மேலே உள்ளதைத் திரும்பப் படித்தேன். சொல்லின் மேலேயே பழி போட்டுவிட்டேன் போலிருக்கிறது. சொல் பாவம். அதைத் தேய்த்தது நாங்கள்.

7 ஜூன்

மெத்தை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், பல ஊர்களில் மாடிக்கும் மெத்தை என்றுதான் பெயர். 'மெத்தை வீடு' என்றால் மாடி வீடு. அதற்கும் படுக்கிற மெத்தைக்கும் என்ன உறவு என்பது தனிக் கதை. இங்கே வேண்டாம்.

9 ஜூன்

வள்ளுவர் இதற்கு என்ன சொல் வைத்திருந்தார் என்று கேட்டால், என் பதில் பொச்சாப்பு. அதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது: 54, பொச்சாவாமை. பள்ளியில் எங்களுக்கு 'மறவாமை' என்று ஒரே சொல்லில் பொருள் எழுதிப்போட்டுத் தாண்டிவிட்டார்கள். மனப்பாடப் பகுதியில் இல்லாததால் நானும் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வயதுக்கு மேல்தான் முதல் குறள் என்னை நிறுத்தியது.

'இறந்த வெகுளியின் தீதே சிறந்த
உவகை மகிழ்ச்சியின் சோர்வு.'

எல்லை மீறிய கோபத்தைவிடக் கெட்டது, மிகுந்த மகிழ்ச்சியில் வரும் சோர்வு. கவனியுங்கள், இது களைத்துப்போனவனின் சோர்வு இல்லை. வேலை பாக்கி இருக்கிறவனின் சோம்பலும் இல்லை. சோம்பலுக்கு அவர் 61-வது அதிகாரத்தை, மடியின்மையை, தனியாக வைத்திருக்கிறார். அங்கே 605-வது குறளில் நெடுநீர், மறவி, மடி, துயில் என்று நான்கையும் வேறு வேறாக எண்ணுகிறார். காலம் நீட்டிப்பது வேறு, மறப்பது வேறு, சோம்பல் வேறு, தூக்கம் வேறு. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர் பொச்சாப்பை மகிழ்ச்சியோடு கட்டிப்போடுகிறார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அது வருகிறது. 539-லும் அதே எச்சரிக்கை: நீ மகிழ்ச்சியில் இறுமாந்து நிற்கும்போது, இகழ்ச்சியால் கெட்டவர்களை நினைத்துக்கொள்.

இன்னொரு சுவை. சோர்வு, இகழ்ச்சி இரண்டும் இந்த அதிகாரத்தில் கவனம் தவறுதலைக் குறிக்கின்றன. இன்று சோர்வு என்றால் உடம்பு அசதி. இகழ்ச்சி என்றால் ஏளனம். பொச்சாப்பு வழக்கிலிருந்தே போய்விட்டது. மூன்று நாற்காலியும் காலியாகிவிட, மென்மையாக இருந்த மெத்தனம் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

10 ஜூன்

நேற்று பொச்சாப்பும் மெத்தனமும் ஒன்றுதான் என்பது போல எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். அந்த அதிகாரத்துக்கு வெளியேயும் சொல் வருகிறது, அங்கே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

199: 'பொருள்தீர்ந்த பொச்சாந்துஞ் சொல்லார்'. மறந்தும்கூடப் பயனற்றதைச் சொல்ல மாட்டார்கள். இங்கே வெறும் மறதிதான்.

285, கள்ளாமையில்: 'பொருள்கருதிப் பொச்சாப்புப் பார்ப்பார்கண் இல்'. பிறர் பொருளைக் கவர நினைத்து அவர்கள் அசந்திருக்கும் நேரம் பார்ப்பவரிடம் அருளும் அன்பும் இருக்காது. இங்கே பொச்சாப்பு திருடனுடையது இல்லை, வீட்டுக்காரனுடையது. 'அசந்த நேரம்' என்கிறோமே, அதுதான். இந்த இடத்தில் மெத்தனம் என்று போட்டுப் பாருங்கள், பொருந்தாது. மெத்தனம் என்றால் நடை தளர்ந்தது, வேகம் குறைந்தது என்று ஒரு நீட்சி வேண்டும். பொச்சாப்பு ஒரு நொடியிலும் நடக்கும்.

எனவே இப்போதைக்கு என் முடிவு: பொச்சாப்பு நேர்வது. மெத்தனம் இருப்பது.

12 ஜூன்

பொச்சாப்பும் பொச்சரிப்பும் ஒன்றா என்று கேட்டவருக்கு: இல்லை. பொச்சரிப்பு பொறாமை. ஒலி மட்டும்தான் பக்கத்தில் இருக்கிறது.

15 ஜூன்

இலங்கை வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அங்கே செய்திகளில் மெத்தனத்தைவிட அதிகம் புழங்குவது வேறு சொற்களாம். நானும் அந்த நாளிதழ்களைப் படிப்பவன்தான், உண்மை. விபத்துச் செய்தியில் 'சாரதியின் கவனயீனம்'. அதிகாரிகளைப் பற்றி எழுதினால் 'அசண்டையீனம்'. நம் அசட்டையின் சாயல் தெரிகிறது அதில். பலவீனத்தில் உள்ள அதே ஈனம் ஒட்டி, கனம் கூடி நிற்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அ-சண்-டை-யீ-னம். யாரையும் நழுவ விடாத சொல். மெத்தனம் போலப் பதுங்காது.

பொடுபோக்கு என்றும் ஒன்று உண்டு. இது எனக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருந்த பாய் 'தொழுகையில பொடுபோக்கா இருக்கக் கூடாது தம்பி' என்று தன் மகனிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முஸ்லிம் வீடுகளிலும் அவர்களுடைய எழுத்திலும் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. செய்ய வேண்டியதைப் போகிற போக்கில் விட்டுவிடுவது. எவ்வளவு நல்ல சொல். நாங்கள் அச்சில் ஏற்றாமலேயே இருக்கிறோம்.

16 ஜூன்

தளர்வும் மெத்தனமும் ஒன்றுதானே என்ற கேள்விக்கு, 2020-ஐ நினைத்துப் பாருங்கள். 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு', 'தளர்வுகளற்ற முழு ஊரடங்கு' என்று எத்தனை இரவு தலைப்புப் போட்டிருப்போம். தளர்வு அரசாணையோடு வந்தது. கட்டினவரே அவிழ்ப்பது தளர்வு. கட்டை யாரும் அவிழ்க்காமலே கை நழுவுவது மெத்தனம். அந்த நாட்களில் தளர்வு அறிவித்த மறுநாள் காய்கறிச் சந்தைக் கூட்டத்தைப் பற்றி 'மக்கள் மெத்தனம்' என்று நானே தலைப்பு வைத்தேன். காய்கறி வாங்க வந்தவர்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது.

தொய்வு வேறு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அகராதி இல்லை, அப்பா. பரமக்குடியில் குழித்தறி நெசவு, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிற தறி. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், எப்போதும் விறைப்பாக நிற்க வேண்டும். அதில் நான்கு இழை தொய்ந்தாலும், குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா அதில் போய் மோதும். இழை அறும். அறுந்ததைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். அப்பா புறங்கையால் பாவை ஒரு தடவு தடவுவார். கண்ணால் பார்க்கமாட்டார். 'தொய்ஞ்சிருக்கு' என்பார். எனக்கு எல்லா இழையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தறிக்குச் சொல்லும்போது தொய்வு. எனக்குச் சொல்லும்போது மெத்தனம். 'பரிட்சைக்குப் பத்து நாள் இருக்கு, மெத்தனமாத் திரியிறான்.' தொய்வு பொருளுக்கு, மெத்தனம் மனிதனுக்கு என்று அவர் பிரித்த கோட்டை இன்றுவரை நான் மாற்றவில்லை. 'பணியில் தொய்வு' என்று எழுதினால் பணி ஏதோ தானாகத் தொங்கிப்போனதாக ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு மனிதன் இருக்கிறான்.

17 ஜூன்

என் மகள் 'அசால்ட்டா முடிச்சிட்டேன்' என்கிறாள். அசட்டைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று இரண்டு பேர் கேட்டார்கள். எனக்கு அது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் அதைப் பாராட்டாகத்தான் சொல்கிறாள். அலட்டிக்கொள்ளாமல் செய்து முடித்தாள் என்று பொருள். மென்மையிலிருந்து குற்றத்துக்குப் போன சொல் ஒன்று, முரட்டு ஒலியிலிருந்து லாவகத்துக்கு வந்த சொல் ஒன்று.

22 ஜூன்

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். 'அன்றாடங்காய்ச்சிக்கு மெத்தனம் வராது' என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். நான் 'தனம்' தவறு என்று மட்டும் சொல்லிவிட்டு இதைத் தொடாமல் போய்விட்டேன். பதினெட்டு நாளாக உறுத்துகிறது.

அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. 2019 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது சொன்னார்: 'கால் மெத்து மெத்துனு இருக்குடா. பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு.' நான் பலகாரம் தின்றுகொண்டிருந்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். 'வலியெல்லாம் இல்லை' என்றார். சரி என்று விட்டுவிட்டேன். வலியில்லை என்றதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் கழித்து, தறிக் குழிக்குள் ரத்தம் கிடப்பதை அம்மாதான் பார்த்தார். காலால் மிதிக்கிற கட்டையில் ஒரு ஆணி பெயர்ந்து நின்றிருக்கிறது. வெறுங்காலோடு அதை மிதித்து மிதித்து அன்று முழுக்க நெய்திருக்கிறார். குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. அம்மா போன் பண்ணினார். அது கட்டுப்போட்டால் ஆறிவிடும், அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமானது. புண் உள்ளுக்குள் போய்விட்டது. வலது காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த டாக்டர் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: 'மெத்தை மேல நடக்குற மாதிரி இருக்கா?' சர்க்கரை பாதத்து நரம்புகளைக் கெடுக்கும்போது வரும் உணர்வு அது என்று விளக்கினார். தரை மென்மையாக ஆகிவிடவில்லை. கடினத்தைச் சொல்ல வேண்டிய நரம்பு வாயை மூடிக்கொண்டது. கல்லும் முள்ளும் ஆணியும் எல்லாம் பஞ்சாகத் தெரியும். அதனால்தான் தினமும் இரவில் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், அடிப்பாதத்துக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இந்தச் சொல் விளங்கியது. மென்மை எப்படிக் குற்றமானது என்று அதுவரை எழுத்துக் கணக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கால் மெத்தென்று இருந்தது. நானும் மெத்தென்று இருந்தேன். அவருக்கு நரம்பு செத்திருந்தது. எனக்கு எல்லா நரம்பும் நன்றாகத்தான் இருந்தது.

23 ஜூன்

நேற்று எழுதியதில் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். 9-ம் தேதி, பொச்சாப்பு மகிழ்ச்சியில் வருவது என்றேன். அப்பாவுக்கு என்ன மகிழ்ச்சி? சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். ஒரு நாள் தறியை நிறுத்தினால் அந்த வாரக் கூலி குறையும். அதனால்தான் காலைப் பார்க்கவில்லை. அவருடையது மெத்தனமே இல்லை. மெத்தனம் என்னுடையது. மாதச் சம்பளம், நல்ல பண்டிகை, வாயில் பலகாரம், அப்பாவுக்கு வலியில்லை என்ற செய்தி. அந்த அதிகாரத்தின் முதல் குறள், 531, என்னைத்தான் சொல்கிறது. அந்த வாசகர் சொல்லைப் பிரித்தது தவறு. ஆனால் அவர் பார்த்த விஷயத்தில் பாதி சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

535-ஐயும் அன்றிலிருந்து வேறு மாதிரிப் படிக்கிறேன். 'முன்னுறக் காவாது இழுக்கியான் தன்பிழை பின்னூறு இரங்கி விடும்.' முன்கூட்டிக் காக்காமல் தவறவிட்டவன், பின்னால் துன்பம் வந்தபோது தன் பிழையை நினைத்து வருந்துவான். 'தன்பிழை' என்று போட்டிருக்கிறார். சர்க்கரையின் பிழை, ஆணியின் பிழை என்று போகவிடவில்லை.

24 ஜூன்

ஆறுதல் எழுதியவர்களுக்கு நன்றி. அப்பா நன்றாக இருக்கிறார். தறி இல்லை இப்போது. நூல்கண்டு சுற்றித் தருகிறார், உட்கார்ந்த இடத்தில்.

ஒருவர் கேட்டிருந்தார்: இவ்வளவுக்குப் பிறகு செய்தியில் மெத்தனம் வந்தால் அடிப்பீர்களா, விடுவீர்களா? இப்போது அடிப்பதில்லை. செய்தியாளரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். அவர்களுக்குத் தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் வலிக்காமல் இருந்ததா? தெரியாது என்றால் 'தகவல் போகவில்லை' என்று எழுதச் சொல்கிறேன். மனு கொடுத்து, நினைவூட்டிக் கொடுத்து, நேரில் போயும் அசையவில்லை என்றால் மெத்தனம் இருக்கட்டும், ஆனால் மனுவின் தேதியும் கூட இருக்கட்டும். அந்தத் தேதி இல்லாமல் சொல்லை மட்டும் விடுவதில்லை.

3 ஜூலை

நேற்று அப்பாவுக்குச் செருப்பு மாற்றப் போனோம். சர்க்கரைக்காரர்களுக்கென்று எம்.சி.ஆர். செருப்பு என்று ஒன்று விற்கிறார்கள், உள்ளடி மைக்ரோ செல்லுலார் ரப்பர். ஆஸ்பத்திரிக்கு எதிரே சின்னக் கடை. கடைப் பையன் கட்டைவிரலால் உள்ளடியை அழுத்திக் காட்டினான். குழி விழுந்து மெல்ல எழுந்தது. 'போட்டுப் பாருங்க ஐயா, மெத்துனு இருக்கும்.'

அப்பா போட்டுக்கொண்டு நாலடி நடந்தார். பையன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா என்னிடம் திரும்பி, 'எனக்கு எல்லாமே மெத்துனுதான இருக்கும், எப்படிடா கண்டுபிடிக்கிறது?' என்றார்.

அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். பாவைப் பார்ப்பது போலப் புறங்கையால் உள்ளே ஒரு தடவு தடவினார். 'நல்லா இருக்கு. இதையே கொடுப்பா.'